பெட்டி அணைந்திருந்த பகல்

அன்புள்ள குட்டிக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அந்த அளவுக்குச் சுகம்தான், நீயாவது முழுச் சுகமாக இருக்க வேண்டும். உன்னைப் போனில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. பிறகு பேசுகிறேன் என்று உடனே ஒரு செய்தி வந்தது. அதை எழுதியது நீயா, நீ செய்து வைத்த இயந்திரமா என்று இப்போதெல்லாம் எனக்குத் தெரிவதில்லை. அதனால்தான் தாளில் எழுதி, நாளை உன் ஊருக்கு விமானம் ஏறும் அடுத்த வீட்டு டீச்சரின் மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அறையில் நீ வைத்துவிட்டுப் போன சர்வர் பெட்டி நன்றாக ஓடுகிறது. கடைக்காரர்களின் போனுக்கு யார் என்ன கேட்டு எழுதினாலும் அதுவே பதில் எழுதிவிடுகிறது என்று தையல்கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். நீ சொன்னபடியே தூசி தட்டுகிறேன், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன், திணறினால் அணைத்துப் போடுகிறேன், உன்னைக்கூட இத்தனை சீராட்டி வளர்க்கவில்லை. போன வாரம் வயர் மாற்ற மின்சாரக்காரர் வந்ததால் காலையிலேயே அதை அணைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கென்று பார்த்து, அப்பாவுக்குத் தினமும் காலையில் வரும் உன் செய்தி வரவில்லை. படுத்தபடியே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று சாப்பாட்டைத் தொடவில்லை. சாயங்காலம் நான் பெட்டியைப் போட்டதும் அவர் போன் சத்தம் கொடுத்தது. "காலை வணக்கம்ப்பா, நல்லா தூங்கினீங்களா? மாத்திரை போட்டாச்சா?" விளக்கு வைக்கிற நேரத்தில் காலை வணக்கமா என்று நான் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அப்பாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "பாவம், குட்டிக்கு இன்னைக்கு வேலை ஜாஸ்தி போல, இப்பதான் நேரம் கிடைச்சிருக்கு" என்றார். நீ வாய்திறந்து பேசி எத்தனையோ மாதமாகிறது, தினமும்தான் விசாரிக்கிறாளே என்று நாங்கள் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை. கடைக்காரர்களுக்குச் செய்துகொடுத்ததையே பெற்றவர்களுக்கும் செய்துவிட்டாயேடி.

அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று டாக்டர் வந்தார், பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவுக்கு எப்படிப் புரிந்ததோ, ஒற்றை விரலால் தடவித் தடவி, எப்போது வருவாய் என்று உனக்கு எழுதினார். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது, நான் நல்லா இருக்கேன்ப்பா, சாப்பிட்டீங்களா என்று. சாப்பிட்டேன் என்று எழுதிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். போனை மார்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "வான்னு கூப்பிட்டா பேச்சை மாத்துறா, வரமாட்டா போல" என்றார். இன்று காலையும் போன் சத்தம் கொடுத்தது. நீயே பார் என்று என் பக்கம் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரை போட்டாச்சு என்று நான்தான் எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா கேட்டது அப்படியே நிற்கிறது குட்டி, அதற்கு மட்டும் நீயே வந்து பதில் சொல்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்தபடி,
அம்மா