மாடம் வரை போன கால்கள்

1995 மே 3, புதன்

மகள் பெல்சியின் நிச்சயத்துக்கு இன்னும் இருபத்தைந்து நாள். கூடத்துத் தரை சொறி பிடித்த மாதிரி கிடக்கிறது என்று என் வீட்டுக்காரி ஆன் மேரி ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் தரையைப் பார்த்தா பெண்ணை எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தரை தேய்க்கும் பாண்டீஸ்வரன் காலையில் வந்தார். ஒரு ஓரத்தில் உளியால் கொத்திப் பார்த்தார். மேலே மெல்லிசாக ஒரு பூச்சு, அதற்குக் கீழே நல்ல கருங்கல் ஜல்லிக் கான்கிரீட். பூச்சைத் தேய்த்து எடுத்து ஜல்லியை மினுக்கிவிட்டால் மொசைக் தோற்றுப்போகும் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பழசு ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பூச்சு எதற்காகப் போட்டது என்று தெரிந்தவர்களில் இன்றைக்கு மிச்சம் நானும் பவுலின் அக்காவும்தான். அக்காவுக்குத் தெரிந்ததும் பாதிதான்.

மே 5, வெள்ளி

முதல் தேய்ப்பு. மெஷின் சத்தத்தில் அடுப்படியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. தண்ணீர் ஊற்ற ஊற்றச் சாம்பல் நிறத்தில் பால் மாதிரி கசடு வழிகிறது. அதை வாசலுக்குத் தள்ளிவிடுவது பாண்டீஸ்வரனின் மனைவி வீரலட்சுமி.

மூன்று மணிக்குக் கழுவிவிட்டார்கள். நிலைவாசலிலிருந்து உள்சுவர் மாடம் வரைக்கும் கறுப்பாகத் திட்டுத் திட்டாக ஒரு வரிசை. கால்தடம்.

வீரலட்சுமி யாரும் சொல்லாமலே அதைச் சுற்றிச் சுற்றிப் போய் வேலை பார்த்தாள்.

மே 6, சனி

எழுதித் தொலைத்துவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

1962. இந்தக் கூடத்துக்குக் கான்கிரீட் போட்ட நாள். எனக்குப் பதினாலு வயது. மாடத்தில் அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால்தான் அப்பா சைக்கிள் சாவியை வைப்பார். புதுவயலில் டூரிங் டாக்கீஸ். படத்துக்கு நேரமாகிவிட்டது. ஈரத்தரையில் நடந்து போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு அதே வழியில் திரும்பினேன். பின்பக்கக் குழாயில் காலைக் கழுவிவிட்டு ஓட்டம்.

திரும்பி வந்தபோது வீடே கப்சிப். தம்பி ஆன்றோவை அப்பா அடித்து முடித்திருந்தார். பத்து வயது. கையிலும் முட்டியிலும் சிமெண்டோடு நிலைவாசலில் பிடிபட்டானாம். நான் அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. விடிந்தபோது அவன் பாய் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் வந்த கொத்தனார் தடத்தையெல்லாம் அடைத்து மேலே பூச்சுப் போட்டுவிட்டுப் போனார்.

அவனும் விளையாட்டாக இறங்கி மிதித்திருப்பான், அதனால்தான் மாட்டினான் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லித்தான் சோறு இறங்கியது.

மே 9, செவ்வாய்

அக்கினி நட்சத்திர வெயில். ஓட்டை உடைசலை அடைக்கச் சிமெண்டைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டிருக்கிறார்கள். கூடம் முழுக்க வெள்ளையாகக் காய்ந்துவிட்டது. அந்தத் தடங்கள் மட்டும் காயவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு விரலால் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நாலு நாளைக்கு முந்திய ஈரம் மாதிரி இல்லை. இப்போதுதான் யாரோ நடந்து போன மாதிரி.

பாண்டீஸ்வரனைக் கேட்டால் அந்த இடத்தில் சிமெண்ட் வேறு, கலவை வேறு, ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்கிறார். இருக்கலாம். பிறகு எதற்காக அவரே அதைத் தாண்டித் தாண்டிக் காலை வைக்கிறார்?

ஆன் மேரி அடுப்படிக்குக் கூடம் வழியாகப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் கால் வழுக்குகிறதாம்.

மே 12, வெள்ளி

இரண்டாவது தேய்ப்பு. தடத்தின் மேல் போகும்போது மெஷினின் குரல் மாறுகிறது. என் பிரமை என்று நினைத்தேன். வீரலட்சுமியும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கழுவினதும் கால்விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. பெல்சி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, இங்க பாருங்களேன். பெருவிரல் மேல பக்கத்து விரல் ஏறிக் கெடக்கு. உங்க இடது கால் மாதிரியே."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். வீட்டுக்குள்ளேயே செருப்பு. ஆன் மேரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 13, சனி

கோழிக் கிறுக்கல்தான் வரும்.

இன்று ஒரு மூலையில் மிச்சம் தேய்க்க வந்த பாண்டீஸ்வரன் குத்துக்காலிட்டு ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். வாசலோரத்து இரண்டைத் தவிர, என் கால்தடம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கை. அதற்குப் பின்னால் இரண்டு வட்டம். முட்டி. நேற்று இது இல்லை. சத்தியமாக இல்லை.

"இது ரெண்டு பேரு வேலை சார். ஒருத்தர் மிதிச்சிருக்காக. அவுக போன பிறகு ஒரு சின்னப் புள்ளை மண்டி போட்டு, ஒவ்வொண்ணாக் கையால தடவி மூடப் பாத்திருக்கு. மாடத்துல ஆரம்பிச்சு, பின்னாலயே நகந்து இங்குட்டு வந்திருக்கு. வாசல்கிட்ட ரெண்டு தடம்தான் மிச்சம். அதுக்குள்ள யாரோ வந்துட்டாக போல."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! அவருக்குத் தரை. எனக்கு?

என்னை மறைக்கத்தான் இறங்கினாயாடா? நான் படம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ மண்டி போட்டு என் காலை அழித்துக்கொண்டிருந்தாயா? அடிக்கும்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை — அண்ணன்தான்னு. ஏன்டா சொல்லல.

மே 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பவுலின் அக்காவின் கடிதம் வந்திருக்கிறது என்று பெல்சி நேற்றைய தபாலைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாட்டரசன்கோட்டையில் அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாகிவிட்டது, இருபதாம் தேதி வருகிறாளாம். ஒரு வாரம் முன்னாலேயே வந்து கூடமாட இருக்கிறாளாம்.

அக்காவுக்கு என் காலைத் தெரியும். சின்ன வயதில் அந்த விரலுக்கு எண்ணெய் தடவி இழுத்துவிட்டதே அவள்தான்.

மே 15, திங்கள்

பாண்டீஸ்வரனிடம் இன்னும் ஆழமாகத் தேய்க்கச் சொன்னேன். மெஷினில் முரட்டுக் கல்லைத் திரும்ப மாட்டச் சொன்னேன். இதற்கு மேல் இறங்கினால் ஜல்லி பெயர்ந்துவிடும் என்று தலையைச் சொறிந்தார். நான் கத்தினேன். என் வீட்டுத் தரை, நான் சொல்கிறேன், தேயுங்கள் என்று. அந்த மனிதர் பாவம், கல்லை மாற்றினார். வீரலட்சுமி சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாலை வரைக்கும் ஓடியது. கழுவிப் பார்க்கத் தைரியம் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

மே 16, செவ்வாய்

என் கால் போய்விட்டது. ஒரு விரல்கூட இல்லை.

அவன் கை போகவில்லை. பதினோரு சின்னக் கைகள், பளிச்சென்று, எண்ணிவிடலாம். முட்டியும் அப்படியே. ஊன்றித் தடவின இடம், ஆழமாக இறங்கியிருக்கும் என்கிறார் பாண்டீஸ்வரன். இதற்கு மேல் மெஷினை வைக்க மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். போகும்போது செருப்பை வாசலுக்கு வெளியே வந்துதான் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் மிதித்ததற்கு அடையாளமே இல்லை. இப்போது இந்தத் தரையைப் பார்க்கிற யாரும் என்ன சொல்வார்கள்? ஈரத்தரையில் ஒரு சேட்டைக்காரப் பயல் புகுந்து விளையாடியிருக்கிறான் என்பார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு அவனை மாட்டிவிட்டேன். நேற்று ஆள் வைத்து, மெஷின் வைத்து, இரண்டாம் தடவை மாட்டிவிட்டிருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத.

மே 20, சனி

அக்கா பத்து மணி பஸ்ஸில் வந்தாள். கூடத்தில் பாய் விரித்து மறைத்திருந்தேன். அதிலும் என் அசட்டுத்தனம்: ஈரம் ஊறிப் பாயிலும் கைகள் கறுப்பாகத் தெரிந்தன. அக்கா பாயைச் சுருட்டினாள்.

பிறகு மெதுவாக உட்கார்ந்து, ஒரு கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"அந்தப் பய கைதான். பாரு மரியப்பா, கெட்டிக்காரத்தனமா இத்தனை இடத்துல வச்சிருக்கான். இதுக்குப் போயி வீட்ட விட்டே ஓடிட்டானே."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. ஆன் மேரி அடுப்படி வாசலில் நின்றாள். பெல்சியும்தான். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். சாவி, சினிமா, பின்பக்கக் குழாய், திங்கட்கிழமை தேய்க்கச் சொன்னது, எல்லாவற்றையும். நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

அக்கா கையை எடுக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"அப்பா அடிக்கையில அவன் கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னது நான்தான்டா," என்றாள். "பிரம்பைத் தடுக்கான்னு அப்பா பிடிக்கச் சொன்னாக. பிடிச்சேன்."

மே 21, ஞாயிறு

அக்கா காலையிலிருந்து சாப்பிடவில்லை. கூடத்தில் அதே இடத்தில் இருக்கிறாள். பெல்சி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்னிடம் பேசவில்லை, பெல்சியும்.

மே 28, ஞாயிறு

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. பந்தல் போட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டோம். கூடத்துக்குள் யாரையும் விடவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு ஆன் மேரி பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 10, சனி

அக்கா ஊருக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் லீவு எழுதிப் போட்டுவிட்டாள். இன்று காலையில் அவளாகவே வந்து, கிளம்பு என்றாள். மூன்று வாரத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேப்பர் ஏஜெண்டிடம் போனோம்.

ஆன்றோ ஓடிப்போன அந்த வருஷம் அப்பாவும் பேப்பரில் விளம்பரம் போட்டிருந்தார். அந்தக் கத்தரிப்பை அக்கா பைபிளுக்குள் வைத்திருக்கிறாளாம், இன்றுதான் காட்டினாள். "நீ செய்த தவறை மன்னித்துவிட்டோம். உடனே வீடு திரும்பவும்." அதைப் பார்த்திருப்பானா? பார்த்துவிட்டுத்தான் வராமல் இருந்துவிட்டானா?

இந்தத் தடவை வாசகத்தை அக்கா சொன்னாள், நான் எழுதினேன். "ஆன்றோ, நீ எந்தத் தவறும் செய்யவில்லை. அண்ணன் சொல்லிவிட்டான். எங்களை மன்னித்து ஒருமுறை வந்து போ." கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்து அச்சாகாது என்றார் ஏஜெண்ட். பரவாயில்லை என்றாள் அக்கா.

காணாமல் போனவரின் வயது என்று ஒரு கட்டம் இருந்தது. பத்து என்று எழுதினேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அடித்துவிட்டு, விரல் விட்டு எண்ணி, நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.