பின் சீட்டில் யாரும் இல்லை

ஜூன் 9, 1946, ஞாயிறு

காலையிலேயே கொதிக்கிற வெயில். ரேஷன் அரிசியில் பாதி கல், மீதி புழு. பொறுக்கிப் பொறுக்கிக் கண் பூத்துப் போனது. சோறு வடித்த பிறகும் வாடை போகவில்லை.

மோட்டார் சைக்கிளில் ஆராதனைக்குக் கோயிலுக்கு. வழக்கம்போலத் தெரு முனையில் வீட்டுக்காரர் என்னை இறங்கச் சொன்னார். அவர் மட்டும் புகை விட்டுக்கொண்டு வாசல் வரை போக, நான் புழுதியில் நடந்து பின்னால். பெண்டாட்டி புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவது சபையார் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். சமயநல்லூர் ரோட்டில் பிடித்துக்கொள்ளலாம், திருமங்கலம் ரோட்டில் பிடித்துக்கொள்ளலாம். அங்கே பார்க்கிறவர்களுக்கெல்லாம் கண் கிடையாது போல. பட்டாளம் கழித்து விற்ற டிஸ்போசலில் இந்த வண்டியை எடுத்த நாளிலிருந்து இதே கூத்து.

இன்றைக்குப் பிரசங்கம் மாய்மாலத்தைப் பற்றி. முன்வரிசையில் இவர் தலையை ஆட்டிய ஆட்டல் இருக்கிறதே.

புளி வாங்க வேண்டும். மண்ணெண்ணெய். தையற்காரனிடம் ரவிக்கை.

ஜூன் 12, புதன்

சாயங்காலம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சுந்தரம் வந்தார். இவருடன் காலேஜில் படித்தவர். இவரை ‘மாப்ள’ என்பார், அதனால் நான் ‘தங்கச்சி’. ஜூலையிலிருந்து இன்ஷூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டில் ஓடக் கூடாதாம். மோட்டார் சைக்கிளுக்கும் அதே சட்டம்தான்.

காப்பி கொடுத்துவிட்டு நானும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவளுக்கு இது புரியாதா?

சுந்தரம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். ஒன்று, சட்டத்துக்கு மட்டும் எடுக்கிற பாலிசி. நம் வண்டி ரோட்டில் போகிற ஒருத்தரை இடித்தால், கம்பெனி அவருக்குக் கொடுக்கும். நம் வண்டி நொறுங்கினால் நம் பாடு. இரண்டாவது, அதோடு தீ, திருட்டு. மூன்றாவது முழுப் பாலிசி. வண்டி விழுந்து உடைந்தாலும் ரிப்பேர் செலவு கம்பெனியுடையது.

“பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கு?” என்று கேட்டேன்.

“அது தனி, தங்கச்சி. அதுக்குன்னு மேக்கொண்டு கட்டணும். ரோட்டுல போறவன்தான் பாலிசி சொல்ற மூணாம் மனுசன். வண்டி மேல உக்காந்திருக்கவங்க அதுல சேத்தி இல்ல.”

“அப்ப அவங்க யாரு?”

“சும்மா வர்றவங்க” என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, சபை மூப்பர் வந்துவிட்டார். கோயில் கூரைக்கு நன்கொடை கேட்டு. எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி காப்பி. சுந்தரம் பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்தவர், “மாப்ள, பின் சீட்டுல யாரையும் ஏத்துவியா?” என்று கேட்டார்.

இவர் மூப்பரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

“சேச்சே. ஒத்த ஆளுதான். பின்னாடி யாரும் ஏற மாட்டாக.”

மூப்பர், “அதுதான் தம்பி நல்லது, பாக்குறதுக்கும் லட்சணம்” என்றார். சுந்தரம் எழுதிக்கொண்டார். எடுத்தது முழுப் பாலிசி. வண்டியின் விளக்கு, கைப்பிடி, தகடு, டயர் எல்லாவற்றுக்கும் காப்பு. எனக்கு இல்லை. நான்தான் ஏறவே இல்லையே.

காப்பி டம்ளர்களைக் கழுவினேன்.

ஜூன் 13, வியாழன்

“சுந்தரம் அண்ணனக் கூப்பிட்டு மாத்தி எழுதச் சொல்லுங்க” என்று காலையில் சொன்னேன்.

“மூப்பர் முன்னால சொன்ன பேச்ச மாத்தவா? என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கிறது?”

“அப்ப நான் ஏறாம இருக்கேன்.”

“ஏறாம? சனிக்கிழமை சனிக்கிழமை உங்க அக்கா வீட்டுக்கு எப்படிப் போவ? பஸ்ஸுல நசுங்கிக்கிட்டா? மெதுவாத்தான எஸ்தர் ஓட்டுறேன்.”

இவர் சானிட்டரி இன்ஸ்பெக்டர். ஊர்ச் சாக்கடையெல்லாம் எட்டிப் பார்த்து நோட்டீஸ் கொடுக்கிற உத்தியோகம். இது எந்தச் சாக்கடையில் சேர்த்தி என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சண்டைக்குத் தெம்பு இல்லை.

ஜூன் 22, சனி

புது ரிஜிஸ்டர். புதுப் பிள்ளைகள், மூக்கு ஒழுகல். ஹெச்.எம். அம்மாளுக்குக் குரல் கட்டு, அதனால் நிம்மதி.

பாலிசி தபாலில் வந்துவிட்டது. மடங்காமல் இருக்கட்டும் என்று இவர் வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். நான் எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். மறுபடி அங்கேயே வைத்தார்.

ஜூலை 15, திங்கள்

இடது கையில் மாவுக்கட்டு. நல்லவேளை, எழுதுகிற கை இல்லை.

சனிக்கிழமை. அக்கா வீட்டிலிருந்து திரும்பினோம். காற்று, கண் நிறைய மண். சமயநல்லூர் தாண்டி ஒரு மாட்டு வண்டியை முந்தப் போனார். எதிர் ஓரத்தில் தலையில் கூடையோடு ஒரு பொம்பிளை. அவ்வளவுதான் தெரியும். பிறகு தரையில் கிடந்தேன். ரோடு முழுக்கக் கத்தரிக்காய். அவளுக்குக் கால். எனக்கு மணிக்கட்டு தொங்கியது. இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

வலியில் எனக்குக் கண் இருட்டியது. இவர் குனிந்தார். தூக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“நீ வண்டில வரல. தெரியுதா? நீ வரவே இல்ல” என்றார் காதோரமாக.

அதற்குப் பிறகுதான் தூக்கினார்.

என்னை ஒரு ஜட்காவில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டார். அந்தப் பொம்பிளையை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன், பின்னாலேயே வந்து சேர்ந்த இவர் சொல்லிவிட்டார்: “கிணத்தடியில வழுக்கிட்டா.” என்ன சரளம். போலீஸ் ஸ்டேஷனிலும் தான் ஒருவர் மட்டுமே வந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கம். பின்னால் ஆள் ஏற மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்து எடுத்த பாலிசி. ஆள் இருந்தது தெரிந்தால், பொய் சொல்லி எடுத்தது என்று கம்பெனி கையை விரித்துவிடும். “வண்டிக்கும் கெடைக்காது. அந்தப் பொம்பளைக்கும் கெடைக்காது. பாத்துக்க” என்றார். வண்டியைத்தான் முதலில் சொன்னார்.

சீ.

ஜூலை 17, புதன்

லீவு. ஒற்றைக் கையால் கொண்டை போட முடியவில்லை. இவர் முடிந்துவிட வந்தார். வேண்டாம் என்றேன். கூந்தல் அவிழ்ந்தபடியே கட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு.

அந்தப் பொம்பிளையைத் தர்ம வார்டில் பார்த்தேன். பெயர் பேச்சி. தொடை வரை கட்டு, காலைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். புருஷன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள், பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாளாம். நான் பேசத் தெரியாமல் நின்றேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

“கை எப்படித் தாயி இருக்கு? அன்னைக்கு நீங்க பொத்துன்னு விழுந்தத நெனச்சா இன்னமும் பக்குங்குது.”

“உனக்குத்தான் ரொம்ப அடி.”

“எம்புட்டு நாளைக்கு இப்படிக் கெடக்குறதுன்னு தெரியல. தலையில கூடை ஏறுனாத்தான் அடுப்பு எரியும்.” குரலைத் தணித்தாள். “ஐயா நேத்து வந்தாக. கம்பெனிக்காரவுக வந்து கேட்டா, வண்டில ஐயா மட்டுந்தான் இருந்தாகன்னு சொல்லச் சொன்னாக. இல்லாட்டி எனக்கு ஒண்ணுங் கெடைக்காதாமுல்ல? நீங்க கவலப்படாதீக தாயி. நான் ஒங்களப் பாக்கவே இல்ல.”

எனக்கு உதவி செய்கிறதாக நினைத்துச் சொல்கிறாள். கால் ஒடிந்து கிடக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். இவளிடம் போய் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன், கையில் ஒரு பழம்கூட இல்லாமல்.

வரும்போது ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தனுப்பினேன். வீட்டில் இவர் சாப்பிட்ட தட்டை எடுக்க மனசு வரவில்லை. அப்படியே ஈ மொய்க்க விட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

நாளை கம்பெனி ஆள் விசாரிக்க வருகிறாராம். சுந்தரம் சொல்லிவிட்டுப் போனார். என் கட்டைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் எங்களை ரோட்டில் பார்த்துக் கையாட்டியவர்தானே.

நாள் பூராவும் இதே யோசனை. உண்மையைச் சொன்னால் இவர் முகத்தில் கரி. அது எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஆனால் பேச்சிக்கு? கம்பெனி கொடுக்காவிட்டால் இவரே கொடுப்பாரா? அரைவீசைக் கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர். கோர்ட்டுக்குப் போ என்பார். பேச்சி எங்கே கோர்ட்டுக்குப் போவாள்?

பொய் சொன்னால் அவளுக்கு வரும். இவருடைய வண்டிக்கும் வரும். இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்துவிட்டார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். அவளுக்குக் கொடு, இவருக்குக் கொடுக்காதே என்று சொல்ல வழி இல்லை.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன்.

ஜூலை 22, திங்கள்

வந்தார். வயசான மனிதர், கோட்டு, வெற்றிலைக் காவி. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வளைந்த தகடு, உடைந்த விளக்கு. பிறகு கூடத்தில் உட்கார்ந்து இவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். இவர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

நான் தண்ணீர் கொண்டுபோனேன். வேண்டுமென்றே போனேன்.

“அம்மாவுக்குக் கையில என்ன?”

இவர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். மேல் உதட்டில் வேர்வை. அந்த நேரம் ஒன்றுக்காகவாவது இவரைக் காத்திருக்க வைத்தேன். அந்தப் பெரியவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அந்தத் தூக்கிக் கட்டிய கால் நினைவுக்கு வந்தது.

“கிணத்தடியில வழுக்கிட்டேன்” என்றேன்.

“என்னைக்கு?”

“அன்னைக்கேதான். சனிக்கிழமை.”

“ஒரே நாள்லயா? பாவம்” என்று எழுதிக்கொண்டார். நம்பினாரா, அவருக்கும் வேலை முடிந்தால் போதுமோ, தெரியவில்லை. டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போனதும் இவர் என் தோளில் தட்டினார். “சபாஷ்” என்றார். போய்த் தோளைக் கழுவினேன். கட்டு நனைந்துவிட்டது.

ஜூலை 25, வியாழன்

ஆடிக் காற்று. துணி காயப் போட முடியவில்லை, எல்லாம் செம்மண்.

சபையிலிருந்து விசாரிக்க வந்தார்கள், மூப்பரும் அவர் வீட்டம்மாவும். ஹார்லிக்ஸ் பாட்டில். கை எப்படி முறிந்தது என்று அந்த அம்மாள் கேட்டார்கள். இவருக்குத்தான் பேச்சு பொங்கியது.

“அத ஏன் கேக்குறீங்க? எத்தன தடவ சொல்லியிருப்பேன், கிணத்தடியில பாத்துப் போன்னு! பாசி புடிச்சுக் கெடக்கு, ஒரு நா தேச்சு விட்டுருப்பாளா? நான் ஊரெல்லாம் சுத்தம் பாக்குறேன், என் வீட்டுல இந்த லட்சணம்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கோபம். கழுத்து நரம்பு புடைத்தது. நான் கிணற்றடியில் விழுந்ததாக இவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். மூப்பர் வீட்டம்மா, “பொம்பளைக்கு நிதானம் வேணும்மா” என்று என் முழங்காலைத் தட்டினார்கள்.

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேனோ.

ஜூலை 27, சனி

பேச்சிக்குக் கம்பெனியிலிருந்து வரும் என்று சுந்தரம் சொல்லியனுப்பினார். எப்போது என்று சொல்லவில்லை. வண்டி மட்டும் ரிப்பேருக்குப் போய்விட்டது. அக்கா வீட்டுக்கு இனி பஸ்தான் என்று சொல்லிவிட்டேன். “உன் இஷ்டம்” என்றார்.

பத்து மணிக்கு ஓர் ஆள் வந்தான். கையில் கரண்டி, தேங்காய் நார், சுண்ணாம்பு டப்பா. ஐயா அனுப்பினாராம், கிணற்றடிப் பாசியைச் சுரண்டி எடுக்க.

கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லைச் சுற்றி வந்தான். குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். ஜூலை வெயிலில் காய்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது கல்.

“எங்கம்மா பாசி?” என்று கேட்டான்.

ஐயாவையே கேள் என்றேன்.