சிவக்காத விதைப் பழம்

என் அன்புத் தங்கச்சி செல்லம், மேலே போயும் அண்ணன் எழுத்தைக் கண்டால் நீ சிரிப்பாய் என்று தெரியும்.

நீ சாம்பலில் புரட்டி வைத்துவிட்டுப் போன தக்காளி விதையை இந்த வருசமும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் போட்டேன். அதே மடிப்பு மடிப்பான புளிப்புத் தக்காளி. பதுளைச் சந்தையில் ஒருத்தன் பூசணியா என்று கேட்டான். ஒரு பழம் ஏழு வீட்டு ரசத்துக்குக் காணும்.

ஆனால், மழை இல்லாத நாளிலும் அந்தப் பாத்தியில் நீர் கசிகிறது. நேராக நட்ட குச்சிகள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்கின்றன. மேலே மண் பிளந்திருக்கிறது. கையை விட்டேன், முழங்கை வரை போனது, அடி தட்டவில்லை. ஊரில் ஆள் உயரம் என்று சொன்னேன். உன்னிடம் எதற்குப் பொய்?

உன் மகள் புவனாவிடம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்றேன்.

"போன மாசம் சிறுத்தை வந்துச்சுன்னீங்க, பாத்தா பூனை. ஒங்க வாயில எலியும் யானையா வரும் மாமா. அம்மாவோட வெதப் பழம் பழுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

விதைக்கென்று நூல் கட்டி விட்ட பழம் அது. சிவக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்பது நீ வைத்த சட்டம். மலைக்கு அது தெரியுமா?

இன்று காலை பூனாகலைப் பக்கம் வானம் கறுத்தது. அரைப்பழமாக இருந்ததைப் பறித்துவிட்டேன்.

"அம்மா இருந்தா இதத் தொடுவீங்களா?" என்று கேட்டு, உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

"துணியில சுத்தி வச்சா பழுத்துரும்டி, வெத மொளைக்கும்" என்று வெளியே நின்று கெஞ்சினேன்.

அவள் திறக்கப் பார்த்தபோது கதவு வரவில்லை. தோளால் இடித்துத் திறந்தேன். கதவு நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. புவனா நிலையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். துணிகளை மூட்டை கட்டினாள். நான் சொன்னபோது சிரித்த பக்கத்து வீட்டாரெல்லாம், அவள் மூட்டையைக் கண்டதும் இறங்கினார்கள்.

இதைப் பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை கொட்டுகிறது. பனிமூட்டத்தில் லயம் தெரியவில்லை. மேலே ஏதோ உறுமுகிறது. இடி என்கிறார்கள். இடி இவ்வளவு நேரமா நீளும், தங்கச்சி?

பழம் புவனாவின் மடியில் இருக்கிறது. அதன் விதையைச் சமதரையில்தான் போடுவேன். உன் மகளையும் பேரப்பிள்ளையையும் இனி அந்தச் சரிவில் படுக்க விடமாட்டேன். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

உன் கூடப்பிறந்தவன்,
புவனாவின் தாய்மாமன்.