பிடி விடவில்லையாம், கலா

என் தங்கமே கலா,

உனக்கு முதல் வருசப் படையல் வைத்த அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், உன் அப்பா, உன் அண்ணன் முருகேசன், அவன் பெண்டாட்டி, என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், கறம்பக்குடியிலிருந்து வந்த உன் சின்ன அத்தை. அப்புறம் ஜெசிந்தா. திருச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் உன்னோடு எலிகளுக்குத் தடுப்பூசி போட்டாளே, அவள்தான்.

எழுதவே கூசுகிறது. அந்தப் பெண் உன் படத்துக்குப் பூ வைக்கக் கையை நீட்டினாள். முருகேசன் குறுக்கே வந்து நின்றான்.

"அங்கிட்டே நில்லுங்க. எலிக்காய்ச்சல்லதான் எந்தங்கச்சி போனா. சின்னப் புள்ளைக இருக்குற வீடு."

உன் இதயம்தான் நின்றுபோனது என்று டாக்டர் சொன்னபோது இவனும் பக்கத்தில் நின்றான். ஊதாக்கோடு போட்ட சட்டை. எனக்கா மறக்கும்? நெஞ்சு வலிக்கிறது என்று நீ அழுதபோது, "கேஸா இருக்கும், சோடா குடி" என்றவனும் இவன்தான். அதை மறைக்கத்தான் ஊரெல்லாம் எலியைச் சொல்கிறான்.

உன் அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன அத்தைதான் கேட்டாள்: "ஏன்டா, ஒன் கொல்லையில ஓடுற எலியெல்லாம் சொந்தக்காரவுகளா?"

ஜெசிந்தா பூவை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சொல்ல வந்தத எங்கிட்டச் சொல்லுத்தா."

"கலா ஆரம்பிச்ச வேலை முடிஞ்சிருச்சும்மா. ஊசி போட்ட புதுசுல கிருமியப் புடிக்க எலி ரத்தத்துல வர்ற ஆன்டிபாடி அத லேசாத்தான் புடிக்குது. சோதனையில கழுவிப் பாத்தா விட்டுருது. வாரம் போகப் போக வர்றது இறுக்கிப் புடிக்குது. பல மாசம் கழிச்சு அளவு கொறையுது, பிடி மட்டும் விடல. அவ நெனச்ச மாதிரியேதாம்மா."

நாலாங்கிளாஸ் படித்தவளுக்கு அது விளங்கியது. என் அழுகையும் இப்போது குறைந்துதான் போயிருக்கிறது, கலா.

ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் பஸ் ஏறினாள். உனக்கு நல்ல சேதி கொண்டுவந்தவளை உன் வீடு அப்படி அனுப்பியது. எந்த முகத்தோடு நான் உன் படத்தைத் துடைப்பேன்?

அடுத்த வருசப் படையல் இந்த வீட்டில் இல்லை. சின்ன அத்தை வீட்டில் வைப்பேன். முதல் பூ ஜெசிந்தா கையால். நீ எதனால் போனாய் என்று வந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொல்வேன். இது சத்தியம்.

உன் அப்பா வாய் திறக்காததைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். மன்னிக்கவே மாட்டேன் என்றால் ஒருத்தனைத்தான். முருகேசனை.

உன்னையும் அவனையும் பெற்ற
ஆத்தா