மாவட்டக் குளத்தில் மத்திய அரசின் நீர்யானை

அன்பு மகள் வயூவாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம், ஆடுகளும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் அவ்வளவு நலமில்லை. டப்ளின் குளிரில் நீ சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. பச்சைப்பயறு இந்த வருடம் நன்றாகக் காய்த்தது, பாதியை நாங்கள் அறுத்தோம், மீதியை யார் மேய்ந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். போனில் சொன்னால் நீ வேலையை விட்டு ஓடிவருவாய் என்று அப்பா தடுத்துவிட்டார்.

ஏப்ரல் மழையில் ஆறு கரைபுரண்டபோது ஒரு நீர்யானை வழிதவறி மேலேறி வந்து நம் ஊர்க் குளத்தில் இறங்கிவிட்டது. மாவட்ட அரசு வெட்டிக்கொடுத்த குளம், தண்ணீர்ச் சங்கத்துக்கு நான்தான் தலைவி, மதகுச் சாவியும் என்னிடம்தான். ஆகவே நானே வட்டார அலுவலகத்துக்குப் போனேன். மாவட்ட அரசின் அதிகாரி மவேயு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "குளம் எங்களோடதும்மா. தண்ணியும் எங்களோடது. அதுக்குள்ள கிடக்கிற மிருகம் மட்டும் மத்திய அரசோடது. அரசியல் சட்டத்துலயே போட்டிருக்கு, நான் தொட்டா என் வேலை போயிடும்." சரி என்று மத்திய அரசு நம் ஊருக்கு வைத்திருக்கும் அதிகாரியான சீஃப் கித்தேகாவிடம் போனேன். அவரும் டீ கொடுத்தார். மிருகம் தங்களுடையதுதான் என்று பெருமையாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் அது மாவட்டத்தின் குளத்துக்குள் கிடக்கும்வரை, மாவட்டம் எழுத்தில் கூப்பிடாமல் வனவிலங்குக்காரர்கள் உள்ளே கால்வைக்க முடியாதாம். சாயங்காலம் கரையேறி எங்கள் பயற்றில் மேய்கிறதே, அப்போது பிடிக்கலாமே என்றேன். பயிர் மாவட்டத்தின் பொறுப்பு என்றார். நம் அரசுகளுக்குள் எவ்வளவு ஒழுங்கு பார், ஒருவர் வேலையில் இன்னொருவர் கைவைப்பதே இல்லை.

ஜூன் மாதம் தண்ணீர் மொள்ளப் போன பக்கத்து வீட்டுக் கட்டும்பியை அது துரத்திவிட்டது. அந்தப் பருத்த உடம்போடு அவள் வேலமரத்தில் ஏறி, முள்ளுக்கு நடுவே மத்தியானம்வரை தொங்கினாள், இறங்கும்போது விழுந்து கால் முறிந்தது. காலுக்குக் கட்டுப்போட்டது மாவட்ட ஆஸ்பத்திரி, இழப்பீடு தரவேண்டியது மத்திய அரசு. படிவத்தோடு வந்தவர், மிருகம் தாக்க வந்தபோது நீரில் இருந்தாயா நிலத்தில் இருந்தாயா என்று கேட்டார். அவள், "ரெண்டுலயும் இல்லப்பா, மரத்துல இருந்தேன்" என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டார். மரம் எந்த அரசின் கணக்கில் வரும் என்று மேலே கேட்டுத்தான் எழுதவேண்டுமாம். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் போனபிறகு கட்டும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்தது யாரு, அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரையும் மறுநாளே கூட்டினேன். தண்ணீர் இருக்கும்வரை அது நகராது, தண்ணீரைத் திறந்துவிட்டால் அடுத்த மழைவரை நாம்தான் கழுதைகளோடு ஆற்றுக்கு ஏழு கிலோமீட்டர் நடக்கவேண்டும், இதுதான் நிலைமை என்று சொன்னேன். பிறகு ஒவ்வொரு கையாக எல்லாக் கையும் உயர்ந்தது. மதகை நான்தான் திறந்தேன் மகளே. வருடம் முழுக்கக் காவல் காத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடியதைப் பார்த்து அழுதேன், அப்பாவிடம் இதைச் சொல்லாதே. மூன்றாம் நாள் நீர்யானை சேற்றிலிருந்து எழுந்து, எந்த அரசின் அனுமதியும் கேட்காமல், வாய்க்காலோரமாக ஆற்றுக்கு நடந்து போய்விட்டது.

நான்காம் நாள் இரண்டு அரசும் சேர்ந்து வந்தன, அதுவும் ஒரே ஜீப்பில், மாவட்ட வண்டியில் டீசல் இல்லையாம். மாவட்டத்தின் தண்ணீரை வீணாக்கியது யார் என்று மவேயு கேட்டார். நாட்டின் விலங்கை விரட்டியது யார் என்று சீஃப் கேட்டார். இது யார் பொறுப்பு என்று நான் நாயாய் அலைந்த கேள்விக்கு அன்றைக்கு இருவரும் ஒரே மனதாக விடை கண்டுபிடித்தார்கள், உன் அம்மா கலோண்டுதான் பொறுப்பு. ஆளுக்கொரு நோட்டீஸில் என் பெயரை எழுதத் தொடங்கும்போது கட்டும்பி ஊன்றுகோலோடு வந்து, மதகைத் திறந்தது நான், என் பெயரை எழுதுங்கள் என்றாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் வந்து அதையே சொன்னார்கள். ஒரு மதகை எப்படியம்மா பன்னிரண்டு பேர் திறப்பீர்கள் என்று சீஃப் கேட்டார். "எங்க சங்கத்துல வேலைய யாரும் பிரிச்சுக்கிறதில்லீங்க" என்றாள் கட்டும்பி. நோட்டீஸில் பெயர் எழுத ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. பன்னிரண்டு கோடு போட்டு நோட்டீஸ் அடிப்பது எந்த அரசின் பொறுப்பு என்று கேட்டுவரப் போயிருக்கிறார்கள், ஆறு வாரமாகிறது.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, கூட்டமாகத்தான் ஆற்றுக்குப் போகிறோம். உன் பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பார்த்துவைத்துக்கொள், கடைசி வாரத்தில் ஓடாதே. கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல், மனக்குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா கலோண்டு