உள்ளிருந்து இரண்டு தட்டு

மார்ச் 3, திங்கள்

இன்று முப்பத்தோரு படம். பாதிக்கு மேல் கணுக்கால். எக்ஸ்ரே அறையில் நிற்கும் எனக்கு முகங்களைவிட எலும்புகள்தான் நினைவில் நிற்கின்றன. மாலை டாக்டரம்மா கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். வேறு ஊரில் புதுக் கிளை, எக்ஸ்ரே பிரிவுக்கு நான் தலைமை. பதினேழாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பதினாறு வருஷம் காத்திருந்த இடம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப என்னை யாரு பாத்துப்பா?" என்றாள். வாழ்த்து அவ்வளவுதான்.

மார்ச் 6

அக்காவின் போன். காட்டோரம் ஒரு விடுதியாம், மிருகங்கள் வாசல்வரை வருமாம். அவள், அத்தான், தம்பி, அம்மா, நான். பசங்களுக்குப் பரீட்சை, தம்பி பெண்டாட்டி அவர்களோடு வீட்டில். "நவம்பர்ல அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சப்ப நீ ஒண்டியா கிடந்து அல்லாடினே. எங்களால வர முடியலைன்னு இன்னும் உறுத்துது. இது உனக்காகத்தான்டி." அப்போது அவளுக்கு ஆபீசில் தணிக்கை, தம்பிக்கு வெளியூர்ப் பயிற்சி. பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

நாற்பத்து மூன்று வயதில் எனக்காக என்று ஒன்று. போனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மார்ச் 14, வெள்ளி

வந்து சேர்ந்தோம். நான்கு அறைகள், எல்லாம் ஒரே வராந்தாவில் திறக்கின்றன. அதைத் தாண்டிப் புல்வெளி, பிறகு காடுதான். வந்த அரைமணியில் நான்கு மான்கள். வாக்கரைப் பிடித்தபடி அம்மாகூடச் சிரித்தாள்.

ஒரு சின்ன விஷயம். தம்பியின் அறையில் பைகளை வைத்துவிட்டுக் கிளம்பும்போது, அவன் உள்ளிருந்தபடியே கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திறந்தான். "வெளிய போக யார்கிட்டடா அனுமதி கேக்கறே?" என்றேன். "சும்மா" என்றான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்ச் 15, காலை

விடுதிக்காரம்மா தேநீர் கொண்டுவந்தார். "வெளிய வர்றதுக்கு முன்னாடி உள்ளேருந்து ரெண்டு தட்டுத் தட்டுங்கம்மா. காட்டுப்பன்றி கதவுல சாஞ்சு தூங்கும், சத்தம் கேட்டா எழுந்து போயிடும்." இங்கே மட்டும்தான் இந்த வழக்கம் என்று பெருமை வேறு.

தேநீர் ஆறும்வரை அப்படியே நின்றேன். தம்பிக்கு இது நேற்றே எப்படித் தெரியும்?

முன்னறை மேசையில் ஒரு நோட்டு கிடக்கிறது. தங்குபவர்கள் பார்த்த மிருகங்களைத் தேதி போட்டு எழுதுவார்களாம். நவம்பருக்குப் புரட்டினேன். ஏன் நேராக நவம்பர்? தெரியவில்லை. நவம்பர் 9, அக்காவின் கையெழுத்து. மான் பதினொன்று. பன்றி, குட்டிகளோடு ஆறு. "மறக்க முடியாத மூன்று நாட்கள். இரண்டு குடும்பம், ஏழு பேர்."

ஒன்பதாம் தேதிதான் அம்மாவுக்கு ஆபரேஷன். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில். அன்று போனில் "மூச்சு விட நேரமில்லடி" என்றாள் அக்கா. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை நினைத்தால்தான் இப்போது பொறுக்கவில்லை.

மாலை

கேட்டுவிட்டேன். நோட்டை எல்லோர் முன்னாலும் விரித்து வைத்துக் கேட்டேன். அத்தான் மான் பார்க்கப் போய்விட்டார். தம்பி செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். அக்காதான் பேசினாள்: "பசங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்..."

"சரி, இப்ப எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தே?"

சுற்றி வளைத்துக் கடைசியில் வெளியே வந்தது. அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமாம். அம்மாவுக்கு என் கை பழகிவிட்டதாம். இதற்குத்தான் இந்த உபசாரம்.

அம்மாவைப் பார்த்தேன், இவளாவது அவர்களை ஒரு வார்த்தை கேட்பாள் என்று. "நான்தான் போயிட்டு வாங்கன்னு சொன்னேன். நீதான் இருந்தியே" என்றாள்.

நீதான் இருந்தியே — இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? மயக்கம் தெளிஞ்சதும், அவங்களுக்கு வேலைம்மா, கோவிச்சுக்காதேன்னு உனக்கு எடுத்துச் சொன்னேனே. ஒண்ணும் தெரியாத மாதிரி தலைய ஆட்டினியே. பெத்தவளா நீ?

மார்ச் 16

திரும்பும் வழியெல்லாம் அத்தான் பாட்டுப் போட்டார்.

மார்ச் 17

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அம்மா இனி அக்கா வீட்டில் மூன்று மாதம், தம்பி வீட்டில் மூன்று மாதம். "கல் நெஞ்சுடி உனக்கு" என்றாள் அக்கா. இருக்கட்டும்.

மார்ச் 30

அம்மாவின் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். எந்த மாத்திரை எப்போது என்று பெரிய எழுத்தில் எழுதி மேலே வைத்தேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புது வீட்டு ஜன்னலுக்கு இன்னும் திரை வாங்கவில்லை. வேலை பிடித்திருக்கிறது. என் கீழே மூன்று பேர், மூவரும் என்னை மேடம் என்கிறார்கள்.

காலையில் அக்காவின் போன். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். "உன்னைத்தான் கேக்கறாங்க. இந்த வாரம் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டி." குரல் நிஜமாகவே களைத்திருந்தது.

"இந்த வாரம் முழுக்க டியூட்டிக்கா. லீவு தர மாட்டாங்க" என்றேன்.

வியாழனும் வெள்ளியும் எனக்கு விடுமுறை. யோசிக்கக்கூட இல்லை, வாயில் அது பாட்டுக்கு வந்துவிட்டது. அக்கா அப்படியே நம்பினாள். "பாவம், நீயும் என்னதான் பண்ணுவே" என்றாள்.