எல்லா அட்யேரிகளுக்கும் ஒரே திட்டு

அன்பு மகள் துசீமே அக்கீக்கிக்கு, உகாண்டா ஃபோர்ட் போர்ட்டலிலிருந்து அப்பா ருசோகே அபூக்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், ஆடுகள் எங்களைவிட நலம், கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த மாதங்களில் என் வயிறு மட்டும் தேவைக்கு அதிகமாகவே நலமாகிவிட்டது. நீயும் அந்த தோஹா ஓட்டலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இருக்க வேண்டும் என்று அம்மா உத்தரவு. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ சிரிக்கிறாய், நீ சிரித்தால் அம்மா என்னவென்று போனைப் பிடுங்குகிறாள், அத்தோடு என் கதை முடிந்துபோகிறது. மார்ச்சில் லீவுக்கு வந்து மாட்டிக்கொண்ட உன் தோழி விமான நிலையம் திறந்துவிட்டதென்று நாளை கிளம்புகிறாள், அவள் பையில் இதையும் கொஞ்சம் வறுத்த வேர்க்கடலையையும் திணித்திருக்கிறோம். அப்பா ஒரு அதிகாரியை ரேடியோவில் திட்டி வேலையை இழந்துவிட்டார் என்று உனக்கு அங்கே சேதி வந்ததாம். அதிகாரியைத் திட்டியது உண்மை, வேலையை இழந்தது பொய், இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

பள்ளியை மூடியதும் தலைமை ஆசிரியை எங்களை எல்லாம் கூப்பிட்டு வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பச் சொன்னார் அல்லவா, நீகூட வீடியோவில் எப்படிப் பேசுவது, முகத்தை எங்கே வைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நான் முகத்தைச் சரியாகத்தான் வைத்தேன், ஆனால் என் ஏழாம் வகுப்பில் போன் இருந்த வீடுகளிலும் அது பிள்ளையின் அப்பா சட்டைப் பையில் இருந்தது, அவர் மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். என் பின்னக் கணக்கைப் பாதி ஊர் பயணிகள் கேட்டார்கள், பிள்ளைகள் கேட்கவில்லை. வரும் மார்ச்சில் தொடக்கப்பள்ளி முடிவுத் தேர்வு, இப்படியே போனால் பிள்ளைகள் பரீட்சைக்கு வந்து என் முகத்தைத்தான் வரைந்து வைப்பார்கள் என்று தோன்றியது. அப்போதுதான் நம் ஊர் ரேடியோ நிலையத்து மேலாளர் முகேன்யி, மாலைச் செய்திக்கு முன்னால் அரைமணி நேரம் தருகிறேன், வந்து கணக்குச் சொல்லுங்கள் என்றான். சுவரில் பழைய மெத்தைகளை ஆணியடித்து வைத்திருக்கும் அந்த அறைக்குள் மைக்கும் நானும் மட்டும். நம் ஆட்களுக்குப் பேர் சொல்லி விசாரிக்காமல் வாய் திறக்க வருமா? சொந்தப்பேரோடு ஆளுக்கு ஒரு செல்லப்பேர், அதுவும் மொத்தமே பன்னிரண்டு, அதில் ஒன்று ராஜாவுக்குப் போக மிச்சத்தைத்தானே ஊரே பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. அராலி, எப்படி இருக்கிறாய், அட்யேரி, ராத்திரி தூங்கினாயா, அக்கீக்கி, சாப்பிட்டாயா என்று பதினொரு பேரையும் சொல்லி முடித்தேன், மாவட்டத்தில் ஒரு உயிர் பாக்கியில்லாமல் எல்லோரையும் நலம் விசாரித்தாகிவிட்டது. அங்கே சட்டையில் குத்திய பேர் அட்டையைப் பார்த்துத்தான் உன்னைக் கூப்பிடுகிறார்களாமே, உனக்கு இது இப்போது வேடிக்கையாக இருக்கும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. பாடம் நடத்தும்போது வகுப்பில் எப்படிப் பேசுவேனோ அப்படியே பேசினேன், மெத்தையைப் பார்த்துப் பேச எனக்குத் தெரியாது. அத்வோக்கி, எழுந்து நில், அமோத்தி, பென்சிலைக் கடிக்காதே, இப்படி. மறுநாள் சந்தை முனையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒருவன் வழிமறித்து, "மாஸ்டர், நேத்து என்னை எழுந்து நிக்கச் சொன்னீங்க, பின்னாடி ஒரு அம்மா கோழியோட உக்காந்திருந்தாங்க, நிக்க முடியல, மன்னிச்சுக்கங்க" என்றான். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா தையல் மெஷினில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "என்னை ஊர் பூரா கேக்கத் திட்டணுமா, வீட்டுல திட்டுறது போதலையா" என்றாள். அவளும் அட்யேரி என்பது எனக்கு ஸ்டுடியோவில் ஞாபகம் வரவில்லை. உன்னைச் சொல்லவில்லை, என் வகுப்பு அட்யேரி கொபுசிங்கேயைச் சொன்னேன் என்றால், "அப்ப நான் போட்ட கணக்கு?" என்கிறாள். பார்த்தால் வெட்டிய துணித்துண்டில் தையல் சாக்கட்டியால் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள், அதுவும் தப்பாக.

கொபுசிங்கே யாரென்று நீ கேட்பாய், நீ போன பிறகு வந்த பிள்ளை. கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எல்லோருக்கும் முன்னால் போட்டு முடிப்பாள், ஆனால் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது மட்டும் இரண்டாவதைக் கவிழ்த்துப் போட மறந்துவிடுவாள், நான் கத்துவேன். பள்ளி மூடியதும் அவள் அம்மா மேலே தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே இளம் விரலுக்கு நல்ல கிராக்கி, கொழுந்து கிள்ளிப் பழகிய விரல் மறுபடி பென்சிலைப் பிடிப்பது அபூர்வம், நீ உன் வகுப்பிலேயே பார்த்திருக்கிறாய். தோட்டத்து லைன் வீடுகளில் போன் கிடையாது, ஆனால் ரேடியோ உண்டு. அதனால் பாடம் எதுவாக இருந்தாலும் நடுவில் ஒரு தடவை, "அட்யேரி, கவுத்துப் போட்டியா? போட்டிருக்க மாட்டே, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுவேன். அவள் கேட்கிறாளா என்று தெரியாது. கேட்டால், வருகைப் பதிவில் அவள் பேர் இன்னும் அடிக்கப்படவில்லை என்று தெரியட்டும் என்றுதான். இதில் என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை, அவள் இல்லாமல் போனால் என் வகுப்பில் முதல் பிரிவில் தேற வேறு ஆளும் இல்லை.

இனி அந்த அதிகாரி. கத்துராமு அராலியை உனக்குத் தெரியும், சுகாதார ஆய்வாளர், தொப்பி போட்டால் நடையே மாறுமே அவர்தான். சாப்பாட்டுக் கடைகளை எல்லாம் இழுத்து மூடிச் சீல் வைத்தவர், ஒரு சாயங்காலம் தானே சீல் வைத்த கடையின் பின்கட்டில் உட்கார்ந்து சுட்ட ஆட்டிறைச்சி தின்றுகொண்டிருந்திருக்கிறார். பக்கத்து மேசையிலும் ஆள் இருந்ததாம், எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி மென்றுகொண்டிருந்தார்களாம். கடைக்காரன் ரேடியோவில் நான். வகுப்பு வழக்கப்படி, "அராலி, வாயில என்ன? துப்பு வெளியே. நான் பாக்கலைன்னு நினைச்சியா?" என்று சொல்லியிருக்கிறேன். மனிதர் தட்டிலேயே துப்பிவிட்டு எழுந்து நின்றுவிட்டாராம். பின்கட்டு முழுக்கச் சிரிப்பு, சிரிப்புச் சத்தத்தில் தெருவுக்கே கடை திறந்திருப்பது தெரிந்துபோனது. மறுநாள் காலையில் தொப்பியோடு நிலையத்துக்கு வந்துவிட்டார். முகேன்யி என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், பேரே வேணாம். அன்பான மாணவர்களேன்னு பொதுவா சொல்லிட்டுப் போங்க. ஒரு பேர் வந்தாலும் நிகழ்ச்சியை நிறுத்திடுவேன், எனக்கு லைசென்ஸ் முக்கியம்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்பான மாணவர்களே என்று ஆரம்பித்தேன், எனக்கே யாரோ செத்த வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. உன் அம்மா ரேடியோவை அணைத்துவிட்டு, "மனுஷன் யாருக்கோ சொல்றாரு" என்று கஞ்சி கிண்டப் போய்விட்டாள். சந்தையில் ஒருத்தரும் என்னை வழிமறிக்கவில்லை, தக்காளி விற்பவள்கூட, "இப்பல்லாம் நீங்க வர்றதில்லையா ரேடியோல?" என்று கேட்டாள், நான் தினமும் வந்துகொண்டுதான் இருந்தேன். மேலே தோட்டத்தில் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பாள், வாத்தியார் பேரை அடித்துவிட்டார் என்று கொழுந்துக் கூடையை நிரந்தரமாக மாட்டிக்கொண்டுவிடுவாளே என்று எனக்கு உறுத்தல். இரண்டு வாரம் போல அப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்துராமு தொப்பி இல்லாமல் நம் வீட்டுக்கு வந்தார், உன் அம்மா வாழைப்பழச் சாறு கொடுத்தாள், குடித்தார், கொஞ்ச நேரம் ஆட்டைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக, அவர் மகளும் ஏழாம் வகுப்புதானாம், அவள் ரேடியோ முன்னால் உட்கார மாட்டேன் என்கிறாளாம், "மாஸ்டர் என்னைக் கூப்பிடறதே இல்ல, நான் ஏன் உக்காரணும்" என்கிறாளாம். "பேர் சொல்லியே நடத்துங்க மாஸ்டர், முகேன்யிகிட்ட நான் பேசிக்கறேன். என் பேர் மட்டும் வேணாம்" என்றார். சார், மாவட்டத்தில் இருக்கிற அராலிப் பிள்ளைகள் எல்லாம் என்ன பாவம் செய்தார்கள் என்றேன். யோசித்து, "அப்ப சின்ன அராலின்னு சொல்லுங்க" என்றார். உள்ளேயிருந்து உன் அம்மா, "அப்ப ஆட்டுக்கறி தின்னது பெரிய அராலியா?" என்று கேட்டுவிட்டாள். நல்லவேளை அவரும் சிரித்தார்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஏழாம் வகுப்புக்கு மட்டும் பள்ளியைத் திறந்தார்கள். அதற்கு முந்தின நாள் ரேடியோவில், "அட்யேரி, பள்ளிக்கூட கேட் திறந்ததும் உன் கணக்கைத்தான் முதல்ல பாப்பேன், வராம இருந்தா தெரியும் சேதி" என்று சொல்லியிருந்தேன். காலையில் போனால் கேட்டுக்கு வெளியே அட்யேரிகள் கூட்டம். தக்காளிக்காரி, போலீஸ்காரர் மனைவி, நம் தபால் நிலையத்தைப் பெருக்குகிற அம்மாள், பாதி விளையாட்டுக்கு, பாதி நிஜமாகவே, ஆளுக்கு ஒரு கணக்கோடு. காய்ச்சல் பார்க்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியை, "யாரு மாஸ்டர் இவங்க எல்லாம்?" என்றார், என் மாணவிகள் என்றேன், இந்த வேலையில் நான் சொன்ன மிகப் பெருமையான வாக்கியம் அதுதான், சொல்லும்போது முகக்கவசம் மூக்கிலிருந்து நழுவிவிட்டது. ஆனால் வர வேண்டிய அட்யேரி வரவில்லை. அந்த வாரம் முழுக்க வருகைப் பதிவில் பேரைக் கூப்பிட்டேன், பிள்ளைகள் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் பாதி வகுப்பில் வாசலில் நிழல் விழுந்தது. கொபுசிங்கேயும் அவள் அம்மாவும், காலில் தோட்டத்துச் சேறு. பிள்ளை வளர்ந்துவிட்டாள், விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அம்மாதான் பேசினாள். "தோட்டத்துல இவளுக்கு இப்ப கவுத்துன்னுதான் பேரு மாஸ்டர். சாயங்காலம் ரேடியோ முடிஞ்சா லைன்ல இருக்கறவங்க எல்லாம் கவுத்துப் போட்டியாடின்னு கேலி. நடுவுல நீங்க கொஞ்ச நாள் திட்டல, அதுக்கு ஒரு அழுகை. உங்ககிட்ட நேர்ல ஒரு வார்த்தை பேசணும்னு ஒரே பிடிவாதம், பேசிட்டு வந்துடட்டும், மதியம் லாரி இருக்கு, கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். பிள்ளை எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகக் கரும்பலகைக்குப் போனாள், சாக்கட்டியை எடுத்தாள், பலகையில் இருந்த வகுத்தல் கணக்கைப் போட்டாள், இரண்டாவது பின்னத்தைக் கவிழ்த்து எழுதும்போது மட்டும் தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி பெரிசாக எழுதினாள். திரும்பி, "நான் ஜூன்லயே சரியா போட ஆரம்பிச்சிட்டேன் மாஸ்டர். நீங்க தினமும் திட்டினது வேற அட்யேரியை" என்றாள். சரி, இப்போது என்ன செய்யச் சொல்கிறாய் என்றேன். "ரேடியோல சொல்லணும்" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். பலகையில் அடுத்த கணக்கை எழுதினேன், அதையும் போட்டாள். அதற்கு அடுத்ததையும். அவள் அம்மா வாசலில் மூட்டையோடு நின்றுகொண்டே இருந்தாள், லாரி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது, பிறகு மூட்டையை வகுப்புக்கு உள்ளே இறக்கி வைத்தாள்.

அன்று மாலை ரேடியோவில் சொல்லிவிட்டேன், மற்ற வகுப்புகளுக்காக அது இன்னும் நடக்கிறது. தேயிலைத் தோட்டத்துக் கொபுசிங்கே அட்யேரி ஜூனிலேயே கவிழ்த்துப் போட்டுவிட்டாள், தப்புச் செய்தது வேறொரு அட்யேரி, மன்னிக்கவும் என்றேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "அந்த வேற அட்யேரி யாருன்னும் சொல்லிட்டு வந்திருக்கலாமே" என்றாள். அவள் அம்மா மட்டும் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள், மார்ச்சில் தேர்வு முடியும் வரை அந்தப் பிள்ளை நம் வீட்டில்தான் இருக்கிறாள், உன் அறையில், உன் பச்சைப் போர்வை அவளிடம், கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மாவுக்குத் துணியில் சாக்கட்டியால் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அவரைப்பருப்பு மசியல் சாப்பிட மாட்டாள், மற்றபடி குறையில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மேற்பார்வையாளரிடம் வாயாடாதே, அந்த விஷயத்தில் என்னைப் போல இருக்காதே. கடவுள் உன் காலடியில் கல் இல்லாமல் வைக்கட்டும், நீ கையில் எடுத்தது எல்லாம் நிறையட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, செய்யும்போது எட்டில் மூன்றை நாலில் ஒன்றால் வகுத்தால் என்ன என்று அம்மாவிடம் கேள், நான் சொன்னதாகச் சொல்லாதே. இப்போதெல்லாம் வீட்டில் அட்யேரி என்று கூப்பிட்டால் இரண்டு பேருமே தலையை நிமிர்த்தாமல், என்னை இல்லை என்கிறார்கள்.

என்றும் உன் அன்பு அப்பா,
ருசோகே அபூக்கி